வெள்ளைக் கொட்டையும் பத்து ரூபாய்ப் படிவமும்

போன ஆகஸ்டில் லடாக் போயிருந்தபோது லே கடைத்தெருவில் நன்றாக ஏமாந்தேன். "ரக்சே கார்போ, அசல்" என்று சொல்லி ஒரு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட்டை என் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். நம்மூரில் சர்க்கரை பாதாமி என்கிறார்களே, அந்தப் பழம்தான். மறுநாள் கால்சே பக்கம் சிந்து நதியோரக் கிராமம் ஒன்றில், நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். ஒரு பழத்தைப் பிதுக்கிக் கொட்டையை எடுத்து, கல்லில் வைத்து ஒரே தட்டு. பழுப்பு நிறம். பருப்பை நுனிநாக்கில் வைத்தேன், வேப்பங்கொட்டைக் கசப்பு.

"துப்பிடுங்க, துப்பிடுங்க" என்று சிரித்தார்.

ரக்சே என்றால் கொட்டை, கார்போ என்றால் வெள்ளை. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. மற்ற ஆப்ரிகாட் எல்லாம் பழுப்புக் கொட்டை, இது ஒன்றுதான் வெள்ளை. லடாக்கியர்கள் ஆப்ரிகாட்டை 'சூலி' என்பார்கள். பருப்பு கசந்தால் 'கான்தே', இனித்தால் 'ஞார்மோ' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ரக்சே கார்போ இனிப்புச் சாதி, பருப்பைப் பாதாம் போலவே தின்னலாம். கசப்புப் பருப்பில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைடு நஞ்சாக மாறும். அதனால்தான் பெரியவர் துப்பச் சொன்னார். அதையும் அவர்கள் வீணாக்குவதில்லை. எண்ணெய் ஆட்டி விளக்குக்கும், தலைக்கும், மூட்டுவலிக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் சொக்கிப்போவார்கள். லே பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நமக்கு ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டுகிற மழை அது. பனி உருகி வரும் ஓடைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்புகிறார்கள். முறைவைத்துத் தண்ணீர் விட ஊரே ஒருவரை நியமிக்கிறது, அவருக்கு 'சுர்போன்' என்று பெயர். நம் ஊர் நீர்க்கட்டியேதான்! மரத்தடியில் குதிரைமசால், பக்கத்து வயலில் பார்லி. எருவுக்கு மாட்டுச்சாணமும் வீட்டின் உலர் கழிப்பறை மண்ணும். ரசாயன உரத்தைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டேன். "இந்த மரம் எங்க தாத்தா வெச்சது. அவருக்கு அதெல்லாம் தெரியாது, மரத்துக்கும் தெரியாது" என்றார்.

ஆனால் அவர் முகத்தில் ஒரு கவலை இருந்தது. ரக்சே கார்போ மரம் அவரிடம் இருப்பது நாலே நாலு. கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் தாயைப் போலவே வருமென்று சொல்ல முடியாது, ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். ஒட்டுக் கட்டத் தெரிந்த மகன் லேயில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறான். பழமோ பறித்துச் சில நாட்களில் குழைந்துவிடும். காய வைத்து விற்பதைவிடப் பச்சையாகத் தின்னத்தான் இது உகந்தது என்பதால் சிக்கல் இன்னும் கூடுதல். பழப்புழு பரவிவிடும் என்ற பயத்தில் பச்சைப்பழத்தை லடாக்கை விட்டு வெளியே கொண்டுபோகவே முன்பு தடை இருந்தது. 2021இல்தான் லடாக் பழம் துபாய் வரை போனது. நான் போன சமயம் மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் பழம் உதிர்ந்து கிடந்தது. பொறுக்க ஆளில்லை. வீட்டம்மா மட்டும் ஒரு கூடையோடு குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

2022 டிசம்பரில் ரக்சே கார்போவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. லடாக்குக்குக் கிடைத்த முதல் குறியீடு அதுதான். "அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். அவருடைய மகள் இந்தியில் விளக்க, பெரியவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார்: "அந்தக் காகிதம் எங்கே இருக்கு?"

அது சென்னையில் இருக்கிறது! நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில்தான் இயங்குகிறது. இமயமலை மரத்துக்கான சான்று நம் ஊரில். சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

எனக்கோ சுருக்கென்றது. காரணம், நான் சிறுமலைக்காரன். எங்கள் மலைவாழைக்கு 2008-09இலேயே குறியீடு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் முடிக்கொத்து நோயில் தப்பிய தார்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனால், வியாபாரி வேறெங்கோ விளைந்த தாரோடு சேர்த்து அடுக்கி, எல்லாவற்றையும் 'சிறுமலைப் பழம்' என்றே விற்கிறார். நான் இத்தனை வருஷம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, என் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

இதைப் பலரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஊருக்குக் குறியீடு வந்துவிட்டால் அங்கே விளைவிக்கிற எல்லோருக்கும் தானாக வந்துவிடாது. குறியீடு, விண்ணப்பித்த சங்கத்தின் அல்லது அமைப்பின் பெயரில் இருக்கும். அந்தப் பெயரைப் போட்டு விற்கவும், போலியாக விற்பவர்மீது வழக்குப் போடவும் ஒவ்வொரு உழவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியாகப் பதிய வேண்டும். 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு டீக்காசு! எந்த நிலத்தில் என்ன விளைவிக்கிறோம் என்பதற்கான சான்றுகளையும் இணைக்க வேண்டும். குறியீட்டைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இன்னொன்று, புவிசார் குறியீடு வேறு, இயற்கை வேளாண் சான்று வேறு. மருந்தடித்து விளைவித்தாலும் குறியீடு போடலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் குழுவில் பேசினேன். "கையெழுத்துப் போட்டா விலை ஏறிடுமா?" என்று ஒருவர் கேட்டார். ஏறாது என்றேன். ஆனால் கலப்படத்தைத் தட்டிக்கேட்கிற உரிமை வரும், பெட்டியில் நம் பெயரைப் போட்டு நேரடியாக விற்கலாம். பதினொரு பேர் சம்மதித்தார்கள், ஆறு பேர் யோசிக்கிறார்கள்.

அக்டோபரில் கிண்டிக்குப் போனேன். விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் பெரியவரின் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உங்கள் பழத்தின் காகிதம் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது என்று என் அரைகுறை இந்தியில் எழுதினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. நாலு மரத்தின் படம், அதன் கீழே ஒரு வரி: "அப்பா கேட்கிறார், நாலு மரத்துக்கும் அந்தப் பத்து ரூபாய்தானா?"

ஆமாம் என்று எழுதிவிட்டு, படிவத்தையும் சேர்த்து அனுப்பினேன்.