பல வண்டிகளிற் பிறந்த ஒரு வண்டி

தொழிற்சாலையிலே பிறந்த மோட்டார் வண்டிக்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு. இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறேக்கில் ஒரு றப்பர் வளையம் தேய்ந்துபோனால், சொந்தக்காரர் உதிரிப்பாகக் கடைக்குச் சென்று வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொல்லுவார். கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பெயர் ஒன்றே போதும். ஆனால் உலகில் வேறொரு வகை வண்டி உண்டு. அதன் மூக்கிலே பொறித்திருக்கும் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார்; "அந்தப் பாகம் எந்த வண்டியினுடையது?" என்று திருப்பிக் கேட்பார். வாங்கியவருக்கோ அது தெரியாது. கட்டியவர் வேறொரு நாட்டில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், தமது வீட்டுக் கராஜில் அதனைக் கட்டி முடித்தவர். அவர் எழுதிவைத்த குறிப்பு எதுவும் வண்டியோடு வந்திருக்காது.

இவ்வகை வண்டியை ஆங்கில நாட்டார் 'கிற் கார்' என்பர். சட்டகமும் மேலோடும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து வரும். எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு, பிறேக், விளக்கு ஆகியவை பெருந்தொகையாகச் செய்யப்பட்ட சாதாரண வண்டிகளிலிருந்து வரும். வாங்குபவரே யாவற்றையும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இம்முறை பிரித்தானியாவிலே தழைத்தமைக்கு வரியே பெருங் காரணம். அங்கே 1940ஆம் ஆண்டு முதல் கொள்வனவு வரி என்றொரு வரி இருந்தது. முழு வண்டியாக வாங்கினால் அவ்வரியைச் செலுத்தவேண்டும். பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் வேண்டியதில்லை. கொலின் சப்மன் என்பவர் 1948இல் ஒரு பழைய ஒஸ்டின் செவன் வண்டியின் சட்டகத்தின்மீது தமது முதல் வண்டியைக் கட்டினார். அவருடைய லோட்டஸ் நிறுவனம் 1957இல் லோட்டஸ் செவன் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. வரியோடு முழு வண்டியின் விலை 1,036 பவுண். பாகங்களாக வாங்கினால் 536 பவுண். ஏறத்தாழப் பாதி விலை! பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தாலும் வரிச் சலுகை போய்விடும் என்பதால், சப்மன் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதனைத் தலைகீழாகப் படிக்கும்படி விட்டுவிட்டார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1973இல் பெறுமதி சேர் வரி வந்து கொள்வனவு வரி ஒழிந்தபோது இச்சலுகையும் ஒழிந்தது. அதற்குள் வெவ்வேறு பெயர்களில் இத்தகைய வண்டிகள் பல கட்டப்பட்டுவிட்டன. அவற்றுட் பல கைமாறிக் கைமாறி ஒல்லாந்து, ஜேர்மனி, அமெரிக்கா, ஜப்பான் எனக் கடல் கடந்து சென்றன.

அவ்வாறு சென்ற ஒரு வண்டியைப் பழையதாக வாங்கியவர் முதலில் எதனைப் பார்ப்பார்? பெயர்த் தகட்டைப் பார்ப்பார். எஞ்சினைத் திறந்து பார்ப்பார். இரண்டும் பின்னர் பார்க்கவேண்டியவை. தகடு இரண்டு ஆணிகளில் நிற்பது. எவரும் கழற்றலாம், புதிதாக அடித்தும் பூட்டலாம். எஞ்சினோ இத்தகைய வண்டியில் அடிக்கடி மாற்றப்படும் பாகம். முதலிற் கழற்றவேண்டியது சில்லு.

சில்லு நான்கு போல்ற்றுகளில் நின்றால், எதிரெதிரான இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். மூன்றே முக்கால் அங்குலம் இருப்பின் அது டிரையம்ப் ஹெரல்ட், ஸ்பிட்பயர் குடும்பத்தைச் சேர்ந்தது எனலாம். சரியாக நான்கு அங்குலம் இருப்பின் மொறிஸ் மைனர், மினி, ஒஸ்டின் ஹீலி ஸ்பிறைற் ஆகியவற்றின் குடும்பம். நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீற்றர், இருப்பின் ஆங்கிலப் போர்ட். ஒன்றுக்கொன்று கால் அங்குலமே வேறுபாடு; ஆதலின் தையற்காரரின் நாடா இவ்வேலைக்கு உதவாது, நல்ல அளவுகோல் வேண்டும். ஐந்து போல்ற்றுகள் 205 மில்லிமீற்றர் வட்டத்தில் அகன்று நின்றால் அது பழைய வொக்ஸ்வாகன் வண்டு. நான்கு போல்ற்றுகள் 130 மில்லிமீற்றர் வட்டத்தில் நின்றால் அதே வண்டின் பிந்திய வகை. முன்சில்லு ஓர் அளவிலும் பின்சில்லு வேறோர் அளவிலும் இருப்பதுண்டு. சிலர் ஒரே மாற்றுச் சில்லு இரண்டுக்கும் பொருந்தவேண்டும் என்று கருதிப் புதிய துளை இட்டிருப்பர். அங்கே பழைய துளைகளின் அடையாளம் தேடினாற் கிடைக்கும்.

இந்த ஆராய்ச்சி வெறும் குலம் விசாரிக்கும் ஆசையால் எழுவதன்று. முன்சில்லு டிரையம்ப் குடும்பத்தது என்று தெரிந்தவுடன், அதன் பின்னே குனிந்து பார்க்கவேண்டிய ஓரிடம் இருக்கிறது. 1959இல் வந்த ஹெரல்ட் வண்டியில், முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தூணின் அடிமுனை புரி வெட்டப்பட்டது. அது வெண்கல நிறமான ஓர் உலோகக் கட்டைக்குள் முறுக்கி இறக்கப்பட்டிருக்கும். வண்டி திரும்பும்போதெல்லாம் அத்தூண் அந்தப் புரியிலேயே சிறிது சுழலும். வலப்பக்கத் தூணுக்கு வலப்புரி, இடப்பக்கத் தூணுக்கு இடப்புரி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதற்குள் கியர் எண்ணெய் விடவேண்டும், கிறீஸ் அடைக்கலாகாது. டிரையம்ப் நிறுவனத்தின் கைநூலே அவ்வாறுதான் கூறியது. கிறீஸ் நாளடைவில் இறுகிவிடும், அடிப்புரிவரை இறங்காது, அங்கே நீர் புகுந்து துரு ஏறும். துருப்பிடித்த புரி சுழல மறுக்க, ஒரு நாள் சுக்கானைத் திருப்பும் வேளையில் தூண் முறிந்து, சில்லு வண்டிக்கடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நிகழ்கிறதாயினும், எப்போதும் அப்படியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஹெரல்ட் வைத்திருந்தவருக்கு இது தெரிந்திருக்கும். லோட்டஸ் செவன் இரண்டாம் வரிசை வண்டியும் (1960 முதல் 1968 வரை) இதே தூணைக் கொண்டது. லோட்டஸ் எலான் வண்டியிலும் இம்முறையே காணப்படுகிறது. வேறு பல சிறு நிறுவனங்களும் இதனை எடுத்தாண்டன. மூக்கிலே வேறு பெயர் எழுதிய வண்டியை வேற்று நாட்டில் வாங்கியவர், கிறீஸ் அடிக்கும் துவாரம் என்று எண்ணி மாதந்தோறும் கிறீஸ் அடித்துக்கொண்டிருப்பார். அவர் கவனமில்லாதவர் அல்லர், கவனம் உள்ளவரே. பாகத்தின் பிறப்பு அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பின்னச்சு வேறொரு கதை சொல்லும். முதல் வரிசை லோட்டஸ் செவன் வண்டியின் பின்னச்சு நாஷ் மெற்றொப்பொலிற்றன் என்ற வண்டியினுடையது. பெயரைக் கேட்டால் அமெரிக்க வண்டி; அமெரிக்க நிறுவனத்துக்காக அதனைச் செய்தவர்களோ இங்கிலாந்தின் ஒஸ்டின் நிறுவனத்தார். அமெரிக்காவிலே பாகம் தேடி அலைபவர் இங்கிலாந்தையும் விசாரிப்பது நலம். இரண்டாம் வரிசையில் ஸ்டாண்டர்ட் டென் குடும்பத்து அச்சு வந்தது. அமைதியான குடும்ப வண்டிக்கு அமைந்த அந்த அச்சின் நடுக்கூட்டிலே லோட்டஸ் நிறுவனம் ஒரு தாங்கியைப் பூட்டியது. கூடு நெளிந்து எண்ணெய் கசிவது அவ்வண்டிகளின் பழைய நோய். மூன்றாம் வரிசையில், 1968 முதல், போர்ட் எஸ்கோர்ட் அச்சு இடம்பெற்றது.

இனி எஞ்சின். போர்ட் எஞ்சின் ஒன்றில் 1,172 கன சென்ரிமீற்றர் என்று பதிவு இருந்தால் மட்டும் போதாது. அதே கொள்ளளவில் போர்ட் நிறுவனம் இரண்டு எஞ்சின்கள் செய்தது. பழையது 1953 முதல் 1959 வரை வந்த பொப்பியுலர் வண்டியில் இருந்தது. அதில் நீர் இறைக்கும் பம்பி இல்லை, சூட்டினாலேயே நீர் சுற்றிவரும். 100ஈ எனப்படும் புதியதில் பம்பி உண்டு. பிந்திய போர்ட் எஞ்சின்களைப் பிரித்தறிதல் எளிது: காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இருந்தால் பழையது, எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் 1967க்குப் பிற்பட்டது. பொப்பியுலர் சட்டகத்தின்மீது கண்ணாடி இழை மேலோட்டை ஏற்றி, பந்தய வண்டி போன்ற தோற்றத்தோடு 1950களில் பலர் வண்டி கட்டினர். அந்தச் சட்டகத்தின் பிறேக் எண்ணெயால் இயங்குவதன்று. இரும்புக் கோல்களால் இழுபடுவது. பின்னால் வந்த ஒருவர் அதிலே வலிய எஞ்சினைப் பூட்டியிருப்பின், கோல்கள் மாற்றப்பட்டனவா என்று பார்க்காமல் அவ்வண்டியில் ஏறுவது அறிவுடைமையாகாது.

ஆணியின் புரியும் பேசும். 1950களுக்கு முற்பட்ட பிரித்தானிய வண்டிகளில் விற்வேர்த் முறைத் தலைகள். பின்னர் அமெரிக்காவோடு ஒத்த ஒருமித்த புரி. ஜேர்மன் பாகங்களில் மில்லிமீற்றர். ஆனால் மொறிஸ் நிறுவனத்தின் பழைய எஞ்சின்களில் ஒரு விசித்திரம் உண்டு. 1923இல் அந்நிறுவனம், கொவென்றி நகரில் இருந்த ஹொச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த யந்திரங்கள் மில்லிமீற்றர் புரியே வெட்டும். ஆங்கிலத் தொழிலாளரின் கையிலிருந்த ஸ்பானர்களோ விற்வேர்த். ஆகவே புரி பிரெஞ்சு, தலை ஆங்கிலம் என்று ஓர் ஆணி பிறந்தது! 1950களின் நடுப்பகுதிவரை எம்.ஜீ. வண்டிகளில் அது தொடர்ந்தது. ஸ்பானர் பொருந்துகிறதே என்று நம்பி அவ்விடத்தில் ஆங்கில ஆணியை முறுக்கினால் துளை கெட்டுவிடும்.

ஆண்டை அறிய மின்சாரப் பாகங்கள் உதவும். லூக்காஸ் நிறுவனத்தார் தம் பாகங்களில் எண்ணோடு மாதத்தையும் ஆண்டையும் அடித்தனர். '3 65' என்றிருப்பின் 1965 மார்ச். ஒரு பாகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. அது பழுதாகி மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். டைனமோ, ஸ்ராட்டர், துடைப்பான் மோட்டார் ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் வேகமானி முகத்தில் ஒரு சிற்றெண் உண்டு. ஒரு மைல் ஓடுவதற்குள் அதன் கம்பி எத்தனை முறை சுழலவேண்டும் என்பதே அது. அந்த எண் அச்சோடு ஒத்துவராவிட்டால், வேகமானி காட்டும் வேகம் பொய்.

லோட்டஸ் செவன் போன்ற தோற்றமுடைய யாவும் லோட்டஸ் செவன் அல்ல. விலை வேறுபாடு பெரிதாகையால் இது பணத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி. 1973இல் அதனைச் செய்யும் உரிமை கேற்றறம் நிறுவனத்துக்குச் சென்றது. நியூசீலாந்தில் ஸ்டீல் பிறதர்ஸ் நிறுவனத்தார் நான்காம் வரிசையை அனுமதி பெற்றுச் செய்தனர். ஒல்லாந்தின் டொங்கவூட் 1978இல் தொடங்கிய தனிக் கிளை. இவற்றுக்கு அப்பால் அனுமதியின்றித் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டவையும் உள. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் தொடங்கிய கடற்கரை வண்டிக்கும் இதே நிலை, போலிகளே மிகுந்தன. வொக்ஸ்வாகன் அடித்தளத்தில் எழுந்த அவ்வகை வண்டியில், நடுச் சுரங்கத்தின் பின்பகுதியில் அடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், தளத்தை வெட்டிக் குறுக்கி ஒட்டிய காய்ச்சுத் தையலையும் கீழிருந்து பார்ப்பது அவசியம்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெருமளவில் மாற்றப்பட்ட வண்டியின் அடையாளத்தைத் தீர்மானிக்கப் பிரித்தானியப் பதிவு அலுவலகத்தார் நெடுங்காலம் புள்ளி முறையைக் கையாண்டனர்: சட்டகத்துக்கு ஐந்து, சுக்கான், அச்சு, கியர், தாங்குவில் ஆகியவற்றுக்கு இவ்விரண்டு, எல்லோரும் முதலிற் பார்க்கும் எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. பழைய இலக்கத்தைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் வேண்டியிருந்தன. வயதோ அடையாளமோ துணியப்படாத வண்டிக்கு 1983 முதல் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுக்கப்பட்டது. கடல் கடந்து வந்த வண்டியின் பழைய ஆங்கிலப் பத்திரத்தில் அவ்வெழுத்து இருந்தால், அதே பத்திரத்தில் எழுதியிருக்கும் ஆண்டை நம்பிப் பாகம் வரவழைக்கலாகாது.