இரைப்பை அமிலக்குறைப்பு மருந்துகளும் ஹெலிகோபாக்டர் தொற்றறிதலும்

இரைப்பைப் புண்ணுக்கு மிகை அமிலமும் மன அழுத்தமுமே காரணம் என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. (‘அல்சர்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் எல்லா வயிற்றெரிச்சலையும் குறிப்பதாகிவிட்டது, இங்குப் பேசப்படுவது புண் மட்டுமே.) ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகியோர் 1982இல் இரைப்பைத் திசுவிலிருந்து ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்ற இக்கண்டுபிடிப்பு, தொடக்கத்தில் எளிதில் ஏற்கப்படவில்லை. சிமெட்டிடின் முதலிய அமிலக்குறைப்பு மருந்துகளின் வெற்றியும் அதற்கொரு காரணம் எனலாம். அவற்றால் புண் ஆறியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு மீண்டும் தோன்றியது. தொற்று அப்படியே இருந்தது.

பின்னர் வந்த ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற புரோட்டான் ஏற்றத் தடுப்பிகள் இச்சிக்கலை நோயறிதலுக்குள்ளும் கொணர்ந்தன. இந்தப் பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைச் சிதைத்து, அதில் தோன்றும் அம்மோனியாவைக் கொண்டு தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கி உயிர்வாழ்கிறது. மூச்சுச் சோதனையும், திசுத்துண்டில் செய்யப்படும் விரைவு யூரியேஸ் சோதனையும் இந்நொதியின் செயலையே அளக்கின்றன. புரோட்டான் ஏற்றத் தடுப்பி உட்கொள்பவரிடம் பாக்டீரியாவின் எண்ணிக்கையும் நொதிச்செயலும் குறைகின்றன. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அது அருகி, மேற்பகுதியில் எஞ்சுகிறது. எனவே கீழ்ப்பகுதியில் மட்டும் திசு எடுத்தால் தொற்று தப்பிவிடக்கூடும். ‘தொற்று இல்லை’ என்ற முடிவு, மருந்து உட்கொள்பவரைப் பொறுத்தவரை நம்பத்தக்கதன்று.

ஆகவே சோதனைக்கு 2 வாரங்களுக்கு முன் இம்மருந்தையும், 4 வாரங்களுக்கு முன் எதிர்நுண்ணுயிரிகளையும் பிஸ்மத்தையும் நிறுத்துமாறு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையை இம்மருந்து பாதிப்பதில்லை. ஆனால் பழைய தொற்றையும் நிகழ்காலத் தொற்றையும் அது பிரித்தறியாது. குருதிக்கசிவுள்ள நோயாளியிடம் மருந்தை நிறுத்துவது இயலாது. அங்கு எதிர்மறை முடிவை இறுதியாகக் கொள்ளாமல் பின்னர் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

வியப்பு என்னவெனில், தொற்றை மறைக்கும் இம்மருந்தே அதை ஒழிக்கும் சிகிச்சையிலும் இன்றியமையாதது. கிளாரித்ரோமைசின் அமிலத்தில் சிதையக்கூடியது. அமிலம் குறையும்போது பாக்டீரியா பெருகத் தொடங்குகிறது. பெருகும் உயிரணுக்களையே அமாக்சிசிலின் தாக்குகிறது. சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரங்கள் கழித்து மறுசோதனை செய்யப்படுகிறது. நெஞ்செரிச்சலுக்கென அதே மாத்திரையை அதுவரை விடாமல் தொடர்பவரிடம், தோல்வியுற்ற சிகிச்சையும் வெற்றியாகவே பதிவாகக்கூடும்.