தேற முடியாத பரீட்சை!

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையும். அவ்வளவுதான்.

ஆனால் இதே பரீட்சையை வைத்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய நாடு ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்திரேலியா!

50 வார்த்தைகள்

1901-ம் ஆண்டு ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடு ஆயிற்று. "இது வெள்ளையர் நாடாகவே இருக்க வேண்டும்" என்று தலைவர்கள் எண்ணினார்கள். ஆனால் நிறத்தைச் சொல்லிச் சட்டம் போடுவதைப் பிரிட்டிஷ் அரசாங்கம் விரும்பவில்லை.

எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். அது தென் ஆப்பிரிக்காவில் உள்ள நேட்டாலில் பிறந்த தந்திரம். அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைக்க, தமிழர் உள்பட ஏராளமான இந்தியர்களை வரவழைத்தார்கள். பிறகு, சொந்தச் செலவில் வந்த இந்தியர்களைத் தடுக்க 1897-ல் மொழியைக் காட்டிச் சட்டம் செய்தார்கள்.

ஆஸ்திரேலியாவும் அதே வழியில் போயிற்று. ஐரோப்பிய மொழி ஒன்றில் அதிகாரி 50 வார்த்தைகள் சொல்லுவார். வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்!

ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியுமா? ஜெர்மன் மொழியில் எழுதச் சொல்லலாம். அதுவும் தெரியுமா? வேறு மொழிக்குத் தாவலாம். 1909-க்குப் பிறகு இந்தப் பரீட்சையில் ஒருவர்கூடத் தேறவில்லை.

காலை ஒடித்துக்கொண்ட எழுத்தாளர்

1934-ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளர் கப்பலில் வந்தார். பிராக் நகரில் பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்தவர். யுத்தத்துக்கு எதிரான மாநாட்டில் பேச வந்தவரை இறங்கக் கூடாது என்று அரசாங்கம் தடுத்தது.

மெல்போர்ன் துறைமுகத்தில் அவர் கப்பலிலிருந்து கீழே குதித்தார். கால் ஒடிந்தது!

சிட்னியில் அவருக்குப் பரீட்சை வைத்தார்கள். அவருக்குப் பல மொழிகள் தெரியும். ஆகவே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. "சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழி இது ஆகாது" என்று நீதிபதிகள் கூறினார்கள். கிஷ் வென்றார். பரீட்சையின் குட்டு உடைந்தது.

மாறிய நாடு

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு, ஜனத்தொகை போதாது என்ற அச்சம் அங்கே ஏற்பட்டது. போரில் வீடிழந்த ஐரோப்பியர்களையும், இத்தாலியர், கிரேக்கர்களையும் குடியேற்றினார்கள். "நம்மவர்" என்ற சொல்லின் எல்லை விரிந்தது. 1958-ல் பரீட்சை ஒழிந்தது. 1973-ல் நிற பேதக் கொள்கையும் ஒழிந்தது. வியட்நாம் அகதிகளும் அங்கே வாழ்வு பெற்றார்கள்.

2021-ம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அங்குள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்த தாயையோ தந்தையையோ உடையவர்கள்!

ஆனாலும் வாசலில் தகராறு ஓயவில்லை. விசா இல்லாமல் படகில் வந்து தஞ்சம் கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் குடியிருக்க இடமில்லை என்று 2013-ல் அரசாங்கம் அறிவித்தது. படகேறியவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு.

தன் வீட்டுக் கதவைத் திறப்பதும் அடைப்பதும் ஒரு நாட்டின் உரிமைதான். ஆனால் வாசலில் நிற்பவரிடம் காரணத்தை நேராகச் சொல்ல வேண்டும். தேறவே முடியாத பரீட்சையை வைத்துவிட்டு, "நீ தேறவில்லை" என்று சொல்வது நியாயம் ஆகாது.