பிராக் போறீங்களா? கொஞ்சம் குனிஞ்சும் பாருங்க!

ஐரோப்பா டூர் போன நண்பரோட இன்ஸ்டாவைத் திறந்தா, பிராக் போட்டோ ஒண்ணாவது இருக்கும். செக் குடியரசின் தலைநகர். கோபுரங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள்னு எல்லாமே அண்ணாந்து பார்க்க வைக்கிற அழகு. ஆனா, இந்த ஊரோட முக்கியமான கதைகள் சில தரையிலதான் இருக்கு. சுத்திப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா, எங்கெல்லாம் குனியணும்னு தெரிஞ்சுக்கோங்க.

காலை: பாலமும் சதுக்கமும்

சார்லஸ் பாலத்துக்கு விடியும்போதே போயிடுங்க. 1357-ல் கட்ட ஆரம்பிச்ச பாலம். அரை கிலோமீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள். லேட்டா போனா சிலைகளைவிட செல்ஃபி ஸ்டிக்தான் அதிகம் கண்ணுல படும். பழைய நகரம் பக்கம் இறங்கும்போது ஒரு கோபுரத்தின் அடியில் நுழைந்து வருவீங்க. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் பழைய நகரச் சதுக்கம். டவுன் ஹால் சுவரில் இருக்கிறது, 1410-ல் உருவான வானியல் கடிகாரம். மணி அடிச்சா அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வரும். கூட்டமே போனைத் தூக்கிப் பிடிக்கும். நீங்களும் வீடியோ எடுங்க. முடிஞ்சதும், அதே கட்டடத்தின் கிழக்குப் பக்கம் போய்த் தரையைப் பாருங்க. 27 வெள்ளைச் சிலுவைகள்! ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து தோற்ற 27 தலைவர்களுக்கு, 1621 ஜூன் 21 அன்று இங்கேதான் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் 12 பேரின் தலைகள், காலையில் நீங்க கடந்து வந்த அந்தக் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கின.

மதியம்: யூதர் குடியிருப்பு

சதுக்கத்தை ஒட்டியே இருக்கிறது யோசெஃபோவ் பகுதி. இங்குள்ள பிங்கஸ் ஆலயச் சுவர்களில், நாஜிக்களால் கொல்லப்பட்ட சுமார் 78,000 யூதர்களின் பெயர்களை எழுதி வெச்சிருக்காங்க. வெளியே வந்து நடந்தா, வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைப் பட்டைகள் பதிச்சிருக்கும். அந்த வீட்டில் வாழ்ந்தவரின் பெயர், பிறந்த வருஷம், எங்கே கொண்டுபோகப்பட்டார் என்ற விவரம் அதில் இருக்கும். குனியாம படிக்க முடியாது.

மாலை: வென்ஸஸ்லாஸ் சதுக்கம்

பேர்தான் சதுக்கம், பார்த்தா முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு அகலமான சாலை. அதன் மேல்கோடியில் தேசிய அருங்காட்சியகம். அதற்கு முன்னால், நடைபாதையை முட்டிக்கிட்டு எழுந்த மாதிரி ஒரு வெண்கலச் சிலுவை. 1968-ல் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. மக்கள் அதற்குப் பணிந்து போவதை எதிர்த்து, 1969 ஜனவரியில் இங்கே தீக்குளித்தார் யான் பாலாக் என்ற மாணவர். வயது 20. அடுத்த மாதமே இதே சதுக்கத்தில் தீக்குளித்த யான் ஸயீட்ஸ் என்ற மாணவருக்கும் சேர்த்துத்தான் இந்த நினைவுச் சின்னம். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வரணும்னு லட்சக்கணக்கான மக்கள் திரண்டதும் இதே சதுக்கத்தில்தான்.

இன்னொரு விஷயம். 2020-ல் இந்தச் சதுக்கத்தின் கீழ்க்கோடியில் தரையைப் பெயர்த்தபோது, சில கற்களின் அடிப்பக்கத்தில் ஹீப்ரு எழுத்துகள் இருந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், யூதர்களின் கல்லறைக் கற்களை வெட்டித் தரையில் பதிச்சிருக்காங்க! பல வருஷமா ஜனங்க அது மேலேயே நடந்திருக்காங்க. அந்தக் கற்கள் இப்போ யூத சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

கிளம்பும் முன்...

* ஊர் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். ஹீல்ஸ் வேண்டாம், நல்ல ஷூ போடுங்க.
* பிங்கஸ் ஆலயத்துக்கு டிக்கெட் உண்டு. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும்.
* ஷெங்கன் விசா போதும். ஆனா, அங்கே செலாவணி யூரோ இல்லை, செக் கொருனா.
* கடிகாரத்துக்குக் கீழே நிற்கும்போது பர்ஸ் மேல ஒரு கண் இருக்கட்டும். எல்லாரும் மேலே பார்க்கிற இடத்தில்தான் பிக்பாக்கெட்காரருக்கு வேலை சுலபம்!