புதையல் தேடும் கருவி வாங்குமுன்

வழக்கமாக இந்தப் பக்கங்களில் எடை, வரி, கொள்முதல் என்று படிக்கும் நீங்கள், திடீரென்று புதையல் என்ற சொல்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இதுவும் கல்லாப்பெட்டி சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ஆவடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகன், கல்லூரிப் படிப்பை முடித்தவன், சென்ற மாதம் என் கடைக்கு வந்தான். "பெரியப்பா, மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பொழுதும் போகும், ஏதாவது கிடைத்தால் லாபமும் ஆகும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா பணம் கொடுத்துவிடுவார்" என்றான். நான் மின்சாமான் வியாபாரி. மோட்டாருக்குக் காயில் சுற்றுவதைப் பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறான். அவன் கையில் இரண்டு கருவிகளின் படம் இருந்தது. ஒன்று, நீண்ட தடியின் அடியில் வட்டத் தட்டு மாட்டிய சாதாரணக் கருவி. மற்றொன்று, கைப்பிடியில் இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் கருவி. நூறு மீட்டர் தள்ளி நின்றாலே தங்கம் இருக்கும் திசைக்குத் திரும்புமாம். இரண்டாவதின் விலை முதலாவதைப் போல நான்கு மடங்கு. தீபாவளிக்கு அந்தக் கடையில் இறக்கும் எண்ணெய்ச் சரக்கு முழுவதற்கும் அந்தத் தொகை போதும்.

முதலில் கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வட்டத் தட்டுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது கீழே மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் பரவுகிறது. அந்தப் புலத்தில் உலோகம் ஏதாவது அகப்பட்டால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு மெலிந்த புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. தட்டிலுள்ள இன்னொரு சுருள் அதைப் பிடித்து ஒலியாக்குகிறது. அவ்வளவுதான் சங்கதி. தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று தேட இதே தத்துவத்தில் கருவி செய்து கொண்டுபோனார். கட்டிலின் கம்பிச் சுருள்கள் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை.

இந்தத் தத்துவத்திலேயே ஒரு எல்லை அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். தூரம் கூடக்கூடத் திரும்பி வரும் புலம் மிக வேகமாகத் தேய்ந்துவிடும். ஒற்றை நாணயம் என்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம். பெரிய தட்டும் வலுவான கருவியும் இருந்தால் ஒரு குடம் அளவுள்ள உலோகத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் உணரலாம். நூறு மீட்டர் என்பது நடக்கிற காரியம் அல்ல. எனவே அந்த ஆன்டெனாக் கருவியை நான் தயக்கமின்றித் தள்ளிவிட்டேன்.

பையனுக்கு மனம் ஒப்பவில்லை. அவனுக்கு இந்த வழக்கைச் சொன்னேன். இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக் இதே மாதிரி ஆன்டெனா வைத்த கருவியை வெடிகுண்டு கண்டுபிடிப்பான் என்று சொல்லி ஈராக் அரசுக்கே ஆயிரக்கணக்கில் விற்றார். உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் கிடையாது. கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமான்தான் அதற்கு மூலம். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றார்கள். வெடிகுண்டு வண்டிகள் கடந்து போயின. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஒரு அரசாங்கமே ஏமாந்த சரக்கு அது. நம் ஊர்ப் பையன் மயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இனி உண்மையான கருவிகளுக்கு வருவோம். காரெட், மைன்லேப், நோக்டா, ஃபிஷர் போன்ற பெயர்கள் இத்தொழிலில் அறியப்பட்டவை. சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையோ பெயரோ அல்ல, "எந்த மண்ணில் தேடப் போகிறோம்?" என்பதுதான். செங்குன்றம் பெயரிலேயே செம்மண் இருக்கிறது. அங்கிருந்து திருவள்ளூர்ப் பக்கம் வரை செம்புரைக்கல் கலந்த நிலம் நிறைய. அதிலுள்ள இரும்புத் தாது கருவியை ஓயாமல் உளற வைக்கும். மண்ணின் ஓசையைக் கழித்துவிட்டு உலோகத்தை மட்டும் சொல்லும்படி சரிசெய்யும் வசதிக்குக் கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். மிக மலிவான கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்கும். நம் பகுதி மண்ணுக்குக் கையால் திருத்தக்கூடியதோ, தானே திருத்திக்கொள்வதோதான் வேண்டும். கடற்கரைக்குப் போகிற எண்ணம் இருந்தால் உப்பு ஈரம் வேறு தொந்தரவு. அங்கே பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியோ, பல்ஸ் இண்டக்ஷன் வகையோ நிற்கும். ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் சிக்கல் வேறு. லேத் பட்டறைச் சீவல், ஆணி, போல்ட், சோடா மூடி என்று பல பத்தாண்டுக் குப்பை மண்ணில் கிடக்கிறது. அங்கே பெரிய தட்டை வீசினால் ஒரே நேரத்தில் நாலைந்து இரும்புகள் அதன் கீழ் வந்து கத்தும். ஆறு அங்குலச் சிறு தட்டு ஆழம் குறைவானாலும் ஒன்றையொன்று பிரித்துச் சொல்லும். திறந்த வயலுக்குப் பத்து, பதினோரு அங்குலம் பொருத்தம். பதினைந்து அங்குலத் தட்டு ஆழம் பார்க்கும் என்று ஆசைப்படுவார்கள். அரை மணி வீசினால் தோள்பட்டை கழன்றுவிடும், மூக்குத்தி மாதிரிச் சிறு பொருளும் அதற்குத் தெரியாது.

"தங்கத்தை மட்டும் காட்டும்" என்று யாராவது விற்றால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். திரையில் தெரியும் எண்ணை வைத்து இது இரும்பு, இது செம்பு, இது வெள்ளி என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம். ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். தோண்டித்தான் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை. இன்று நம் கல்லாவில் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டீல் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டுபவை. இரும்பை ஒதுக்கும்படி கருவியைத் திருகி வைத்தால் இவற்றைப் பார்த்துத் தடுமாறும். பழைய செப்புக் காசோ நன்றாக ஒலிக்கும். கல்யாண மண்டப வாசலில் உடம்பைத் தடவும் கைக்கருவியை வாங்கிப் புதையல் தேடலாமா என்றும் ஒருவர் கேட்டார். அது சில அங்குலத்துக்குமேல் அறியாது. அரிசி மூட்டையில் விழுந்த மோதிரத்தைத் தேட வேண்டுமானால் உதவும்.

கருவி விஷயம் இத்தோடு முடிந்தது. அகப்பட்ட பொருள் யாருக்கு என்பதுதான் பெரிய விஷயம். 2009இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் டெரி ஹெர்பர்ட் என்பவர் பழைய டிடெக்டரோடு ஒரு விவசாயியின் வயலில் தேடி, 3,500க்கு மேற்பட்ட பழம்பொருள்களைக் கண்டெடுத்தார். 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்பிட்டு அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். நம் பையன் படித்து வந்ததும் இந்தக் கதைதான். அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

இங்கே 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த எதுவும், பத்து ரூபாய்க்குமேல் மதிப்பிருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். என்ன பொருள், ஏறக்குறைய எவ்வளவு பெறும், எங்கே, எந்தத் தேதியில் என்று நான்கும் எழுத வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது உரிய ஜாமீன் தர வேண்டும். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் ஆட்சியர். அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால் அவர்களுக்குச் சென்னை ஆட்சியர். உரிமை கோருபவர் இல்லாத பொருள் என்று விசாரணையில் முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது சட்டத்தின் பொதுவிதி. அரசு விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படியும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படியும் குற்றம். ஆவடியைச் சுற்றியுள்ள ராணுவ நிலங்களில் தட்டோடு நடமாடினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கோயில் நிலமும் அப்படித்தான்.

நம் கடைக்காரர்களை நேராகத் தொடுவது இன்னொரு சட்டம். நூறாண்டு பழமையான நாணயம், சிலை, நகை ஆகியவை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்யக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே யாராவது கடைக்கு வந்து, "அண்ணாச்சி, அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு சட்டி தங்கக் காசு கிடைத்தது, வெளியே சொன்னால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கென்று பாதி விலை" என்று சொன்னால் இரண்டு ஆபத்து. உண்மையானால் சட்டம். பொய்யானால் பணம். பெரும்பாலும் பொய்தான். முதலில் காட்டும் ஒற்றைக் காசு அசல் தங்கமாக இருக்கும், ஆசாரி உரசிப் பார்த்தும் சொல்வார். பிறகு ராத்திரியில் கை மாறும் மூட்டையில் பித்தளை. இப்படி மூன்று லட்சம் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். போலீசில் புகார் கொடுக்கவும் அவரால் முடியவில்லை. என்ன வாங்கப் போனீர்கள் என்று கேட்பார்களே!

தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய புதையல்கள் பலவும் கருவியால் கிடைத்தவை அல்ல என்பதையும் பையனிடம் சொன்னேன். 1898இல் புதுக்கோட்டை அருகே கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் தற்செயலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளி வெட்டு இருந்தது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது ஒரு செப்புக் கலயத்தில் 505 தங்கக் காசுகள், 1.716 கிலோ, கிடைத்து அரசுக் கருவூலம் சேர்ந்தன. உத்தரப்பிரதேசம் உன்னாவில் ஒரு சாது ஆயிரம் டன் தங்கத்தைக் கனவில் கண்டதாகச் சொல்ல, 2013 அக்டோபரில் மத்தியத் தொல்லியல் துறையே தோண்டியது. பானை ஓடு கிடைத்தது, தங்கம் இல்லை. நம் மாவட்டத்தின் மிகப் பழைய செல்வமோ பூண்டி பக்கத்து அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள், பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமை. எந்த டிடெக்டரும் அவற்றைப் பார்த்து ஒலிக்காது.

பையனுக்கு ஒரு யோசனை சொன்னேன். எந்தக் கருவியானாலும் ஜி.எஸ்.டி. பில்லோடு, உத்தரவாதத்தோடு விற்பவரிடம் மட்டும் போ. பணம் கொடுக்குமுன் என் கொல்லையில் ஒரு சாண் ஆழத்தில் பித்தளை எடைக்கல்லைப் புதைத்து வைக்கிறேன். விற்பவர் வந்து, இடம் தெரியாமல், தேடிக் காட்டட்டும். ஆன்டெனாக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் வெளியூர் போய்விட்டார். திரும்பவில்லை.

கடைசியில் நண்பர் பழைய கருவி ஒன்றுக்கு, பதினோரு அங்குலத் தட்டும் கையால் மண் திருத்தும் வசதியும் உள்ளதற்கு, சம்மதித்தார். தன் அப்பாவின் மனையிலும், அனுமதி கேட்டுப் பெற்ற ஒரு நண்பனின் வயலிலும் மட்டும்தான் தேடுவது என்பது பேச்சு. முதல் மாதக் கணக்கை எழுதிக் காட்டினான்: ஆணி பதினாறு, சோடா மூடி ஒன்பது, மாட்டு லாடம் ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. பருத்திப்பட்டில் களை எடுக்கும்போது ஒரு அம்மாள் தொலைத்த மெட்டியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதற்குக் கூலியாக ஒரு கூடை கத்தரிக்காய் வந்தது.