பேவா ஏரியில் ஒரு காலை

நேபாளத்துப் பொக்காரா நகரில் விடியற்காலையில் படகேறினேன். நகரின் உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். வடக்கே மச்சபுச்சரே சிகரமோ 6,993 மீட்டர்! இடையில் மறைக்கும் பெருமலை இல்லாமையால் மிக அருகில் நிற்பதுபோல் தோன்றுகிறது. பெயருக்கு 'மீன்வால்' என்று பொருள். ஏரியிலிருந்து பார்த்தால் ஈட்டிமுனைதான். பிளந்த வாலைக் காண அன்னபூர்ணா மலைப்பாதையில் சில நாட்கள் நடக்கவேண்டும். 1957-இல் ஏறிய ஆங்கிலேயக் குழு உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. சிவன் உறையும் மலையென்பதால் இன்று ஏற அனுமதியில்லை.

என் மனத்தை உறுத்தியது ஏரிதான். மழைக்காலத்தில் ஹர்பன் ஆறு மலைச்சரிவின் மண்ணைக் கரைத்துவந்து ஏரியின் மேற்கு முனையில் கொட்டுகிறது. படகோட்டி அங்கிருந்த நெல்வயலைக் காட்டி, "என் தகப்பனார் அங்கே மீன் பிடித்தார்" என்றார், எனக்குப் புரியும்படி மெதுவான இந்தியில். சற்று நேரத்தில் துடுப்பு சேற்றில் இடித்தது; படகைத் திருப்பினார்.