முன்னால் வரும் பூச்சியம்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவிய 20 கணினிகள் உள்ளன. அவற்றின் ஐபி முகவரிகள் 192.168.1.1 முதல் 192.168.1.20 வரை. மாலையில் ஒவ்வொன்றாக அணைப்பதற்குப் பதில், ஆசிரியர் கணினியிலிருந்தே அணைக்க ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். முகவரிகளை வரிசைப்படுத்தியபோது 1, 10, 11 எனத் தொடங்கி 19, 2, 20, 3 என்று போயிற்று. கணினி அவற்றை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்ததே காரணம். விழாப் புகைப்படங்களுக்கு எண்ணிட்டுப் பெயர் வைத்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. அங்கே செய்வதையே இங்கும் செய்தேன். பிரின்ட்எஃப் கட்டளையைக் கொண்டு கடைசி எண்ணை மூன்று இலக்கமாக்கினேன். 10 என்பது 010 ஆயிற்று. பட்டியல் ஒழுங்காக நின்றது.

மறுநாள் வகுப்பில், யாரும் அமராத 10ஆம் கணினியை மட்டும் அணைக்கக் கட்டளை கொடுத்தேன். அணைந்தது 8ஆம் கணினி. அதில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவியின் சேமிக்காத கட்டுரை போயிற்று. “எதை அழுத்தினாய்?” என்று கடிந்துகொண்டேன். “நான் ஒண்ணும் அழுத்தலை சார்” என்றாள். நான் நம்பவில்லை.

அன்று மாலை முழுப் பட்டியலையும் இயக்கினேன். 008, 009, 018, 019 ஆகிய நான்குக்கும் பிழைச்செய்தி வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் 8உம் 9உம் அணைந்திருந்தன. அணையாமல் இருந்தவை 17, 18, 19, 20!

பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை 8-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணாகப் படிப்பது சி மொழியின் வழக்கம். முகவரியைப் படிக்கும் லினக்ஸ் நிரல்களிலும் அது தொடர்கிறது. ஆகவே 010 என்பது 8. 017 என்பது 15. 020 என்பது 16. அந்த எண்முறையில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. எனவே 008, 018 போன்றவை எண்ணாகவே ஏற்கப்படவில்லை. 001 முதல் 007 வரை எந்த முறையிலும் மதிப்பு மாறாது. முதல் ஏழு கணினிகளில் மட்டும் சோதித்துவிட்டு ஸ்கிரிப்ட் சரி என்று நான் முடிவுசெய்தது அதனால்தான்.

அந்த மாணவியிடம் மறுநாள் வகுப்பிலேயே வருத்தம் தெரிவித்தேன்.

இப்போது பட்டியலில் பூச்சியம் சேர்ப்பதில்லை. சார்ட் கட்டளையுடன் கழித்தல் குறியும் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘வி’யும் சேர்த்தால் 2-க்குப் பிறகு 3 தானாக வருகிறது. பூச்சியத்துடன் வந்த பழைய பட்டியலைப் பயன்படுத்த நேர்ந்தால், பாஷ் ஷெல்லின் கணக்கீட்டுக் குறிக்குள் எண்ணுக்கு முன் 10# என்று எழுதினால் அது பத்தடிமான எண்ணாகவே படிக்கப்படும். பைத்தான் மொழியின் ஐபி முகவரித் தொகுப்பு 3.9.5 பதிப்பு முதல் முன்பூச்சியம் உள்ள முகவரியை ஏற்பதே இல்லை. அது நல்லதென்றே எனக்குப் படுகிறது.

பிளஸ் ஒன் கணினி அறிவியலில் எண்முறைகள் பாடம் நடத்துவோர் லினக்ஸ் கணினியில் பிங் கட்டளையுடன் 192.168.1.010 என்று கொடுத்துக் காட்டலாம். திரையில் அதன் அருகிலேயே, அடைப்புக்குறிக்குள் 192.168.1.8 என்று வரும்.